இருபத்திரண்டு நிமிடம்

கடைசி நிறுத்தம் ஏரிக்கரை.
எல்லாரையும் இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்தபின்னும்
காதுக்குள் கொஞ்ச நேரம்
அது ஓடிக்கொண்டிருக்கும்.

திரும்பிப் புறப்பட இருபத்திரண்டு நிமிடம்.
அலுவலகப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் உண்டு:
‘இடைநேரத்தில் செய்த வேலை.’
பத்தொன்பது வருடமாக
‘இல்லை’ என்றே எழுதுகிறேன்,
யெர்னேயா, ஓட்டுநர் எண் நாற்பத்தொன்று.
பொய்தான்.

சீருடைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு
கல்பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினால்
பொஹின் ஏரி தன் வெள்ளைக் கற்களைக்
கரையில் கொட்டி வைத்திருக்கிறது.
நடு உப்பியது ஆகாது.
மிக மெலிந்தது காற்றில் கவிழ்ந்துவிடும்.
உள்ளங்கையில் வைத்தால்
போகவா இருக்கவா என்று
கல்லே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆட்காட்டி விரல் அதன் இடுப்பைச் சுற்ற,
கட்டைவிரல் மேலே.
தோளில் ஒன்றுமில்லை, எல்லாம் மணிக்கட்டில்.
விடும்போது மட்டும் குனிய வேண்டும்,
ஏரியின் உயரத்துக்கு வர வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்குத் தவளை விடுவது என்று பேர்.
முதல் தத்து நீளம்,
அடுத்தது அதில் பாதி,
கடைசியில் அவசர அவசரமாய்
நாலைந்து தையல் போட்டுவிட்டு அமிழும்.

நான் எண்ணுவதில்லை.
நாள் முழுக்க எண்ணுகிறேன்:
தலை, சீட்டு, சில்லறை, தாமதம்.

கிரான்யில் எவனோ ஒருவன்
அரை யூரோவுக்காகக் கத்திய நாளில்
முதல் ஐந்து கல்லும் நேரே முழுகும்.
ஆறாவது கல் வரும்போது
அவன் முகம் மறந்திருக்கும்.
சட்டைநிறம் மட்டும் ஞாபகமிருக்கும்.

ஜனவரியில் ஏரி உறைந்ததும்
விட்ட கல் பனிமேல் வழுக்கி
பெயர் தெரியாத பறவைபோல் கூவிக்கொண்டே போகும்.
அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில் ஒருநாள்.
சுற்றுலா வந்தவர் யாருமில்லை.
கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர்,
காலையில் என் வண்டியில்தான் வந்தார்,
மடியில் மலர்வளையத்தோடு.
இப்போது வெறுங்கை.
நிறுத்தத்தில் உட்காராமல்
பளபளத்த காலணியோடு சரிவில் இறங்கி
என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார்.
வணக்கம் சொல்லிக்கொண்டோமா, நினைவில்லை.

அவர் எறிந்த முதல் கல்: பொத்.
இரண்டாவதும் பொத்.
மீனொன்று ஏமாந்து
மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கோட்டைக் கழற்றிப் பாறைமேல் போட்டார்.
டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார்.
மூன்றாவது, இரண்டு தத்து.

என்னைப் பார்க்காமலே கேட்டார்:
“கல்லா, கையா?”
“தண்ணீர்” என்றேன்.
“மூன்று மணிக்குக் காற்று எழும்.
அதுவரை அது நம் பக்கம்.”

பிறகு பேச்சில்லை.
அவர் குனிய நான் விட,
நான் குனிய அவர் விட,
பெரிய படுக்கைவிரிப்பொன்றை
இரு முனையிலும் பிடித்து மடிக்கிறவர்கள் போல.
யாரைப் புதைத்துவிட்டு வந்தார் என்று
நான் கேட்கவில்லை.

பதினெட்டாவது நிமிடம் இருக்கும்.
அவர் விட்ட கல் போனது, போனது,
தேவாலயக் கோபுரத்தின் நிழலைக்
குறுக்கே தைத்துக்கொண்டு
அப்பாலும் போனது.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்: பதிமூன்று.
அவர் சிரித்தார்.
சிரித்துவிட்டோமே என்பதுபோல
வாயைப் பொத்திக்கொண்டார்.
கையெல்லாம் மணல்.

நீர்மேல் எழுத்துத்தான்.
முடிக்குமுன் அழிந்துவிடுகிறது,
அதனால் பிழை பார்க்க ஆளில்லை.
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று
இருவருமே எழுதிக்கொண்டிருந்தோம்.

நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டோம்.
சீட்டுக்கு அவர் நீட்டிய சில்லறை ஈரமாக இருந்தது.
நாணயங்களுக்கு நடுவே தட்டையாய் ஒரு கல்.
இருவரும் பார்த்தோம்.
கல்லைத் திருப்பிக் கொடுத்தேன்,
மிகையாய்த் தந்ததைத் திருப்பித் தருவது விதி.

பாதிவழியில் கண்ணாடியில் பார்த்தேன்.
ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்.
தொடைமேல் கிடந்த வலது கை மட்டும்
லேசாய், லேசாய்ச்
சொடுக்கிக்கொண்டிருந்தது.

அன்றைய படிவத்தில்
‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில்
‘ஏரியில் காற்றில்லை’ என்று எழுதினேன்.
இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.